சொறித்தவளையின் முதுகு

நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியில், ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு மெஷின் வந்தது. கார் கதவின் உள்பக்கம் தோல் போலச் சொரசொரப்பாக இருக்குமே, அந்தச் சொரசொரப்பை எஃகு அச்சுக்குள் லேசர் ஒளியாலேயே போட்டுத் தருகிற மெஷின். டூல் ரூமில் இருந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அண்ணே, இதெல்லாம் அப்போ கையாலயா போட்டீங்க?" என்று கேட்டார்கள். நான் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். நாலு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பதில் சொல்லாமல் வந்தது உறுத்திக்கொண்டே இருந்ததால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷினைக் குறை சொல்ல எழுதவில்லை. அருமையான மெஷின். நான் செய்த தப்பை அது செய்யாது.

1991-ஆம் வருஷம். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்தது. அது நாடே அறிந்த கதை. நான் சொல்வது யாரும் அறியாதது. இன்று ஒரகடம் ரோட்டில் இரண்டு பக்கமும் கம்பெனி மதில்தான். அப்போது வேலிகாத்தான் முட்காட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் ஷெட்டு ஒன்று. உள்ளே நாலு பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின், அச்சு செய்யும் டூல் ரூம் ஒன்று, பொம்மைகளின் பிசிறு வெட்டும் பெண்கள் உட்காரும் நீளமான பெஞ்சு. நான் அங்கே பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்து, மூன்று வருஷத்தில் அச்சுக்குப் பாலிஷ் போடுகிறவன் ஆனேன்.

அச்சு என்பது தலைகீழ் உலகம். பொம்மையில் மேடாக இருப்பது அச்சில் பள்ளம். பொம்மையில் பள்ளமாக இருப்பது அச்சில் மேடு. எஃகில் அச்சைச் செதுக்கி முடித்ததும் அம்பத்தூரில் சூடு போடுகிற இடத்துக்கு லாரியில் அனுப்புவோம். அங்கே உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமுக்குவார்கள். அதன் பிறகு அந்த எஃகின் மேல் உளி ஏறாது. திரும்பி வரும்போது உள்ளே கரிப்பொருக்கு தட்டிப் போயிருக்கும். என் வேலை அங்கே தொடங்கும்.

முதலில் ஆயில் கல். கரடு, நடு, மெல்லியது என்று வரிசையாகப் போக வேண்டும். ஒரு கல்லைக் குறுக்கே தேய்த்தால் அடுத்த கல்லை நெடுக்கே தேய்க்க வேண்டும். அப்போதுதான் முந்தின கல்லின் கீறல் போனதா என்று தெரியும். பிறகு உப்புத்தாள். பிறகு மூங்கில் குச்சி முனையில் டைமண்ட் பேஸ்ட். கடைசியாகப் பஞ்சு. முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் அச்சுக்குள் என் மூக்கு தெரிய வேண்டும்.

பாலிஷ்காரனுக்கு ஒரே எதிரி குழி. உலையில் சில நேரம் எஃகின் தோல் வெந்து பொடிப் பொடிக் குழிகள் விழும். அதில் ஒன்றை விட்டுவிட்டாலும் பொம்மையில் பரு போல நிற்கும். குழியைக் கண்டால் தேய். எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். தேய்க்கக் கூடாத இடம் ஏதும் இருந்தால், செதுக்கியவர் உலையிலிருந்து அச்சு வந்ததும் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுப்பார். அந்த வட்டத்துக்குள் என் கை போகாது. எழுதி வைக்காத சட்டம் அது.

செதுக்குகிறவர் கன்னியப்பன் அண்ணன். மணிமங்கலத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிடப் பெரிய கை.

தரம் பார்ப்பவர் ஸ்டெல்லா மேடம். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். பூதக்கண்ணாடி ஒன்று அவர் மேஜையில் இருந்தது. அதை அவர் கடைசியில்தான் எடுப்பார். முதலில் கண்ணை மூடிக்கொண்டு, பொம்மையைக் கீழுதட்டில் வைத்து மெல்லச் சுற்றுவார். காது, வால், கால் இடுக்கு, எல்லாம். புதிதாக வந்த பெண்கள், "மேடம் பொம்மைக்கு முத்தம் குடுக்குறாங்கடி" என்று சிரிப்பார்கள்.

"கொழந்த எடுத்தவொடனே எங்க வெக்கும்? வாயிலதானே? அதுக்கு முன்னாடி நான் வெச்சிடறேன்" என்பார் அவர்.

சில நாள் சாயங்காலம் அவர் உதட்டில் நூல் போலச் சிவப்புக் கீறல் இருக்கும். பிசிறு எங்கோ மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

குறை கண்டால் அவர் குறை என்று சொல்ல மாட்டார். அதைச் செய்தவரைத் தேடி வந்து பொருளை அவர் உள்ளங்கையில் வைப்பார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நிற்பார். செய்தவரே தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். சிலருக்கு அரை நிமிஷம், சிலருக்குக் கால் மணி. எவ்வளவு ஆனாலும் நிற்பார். கண்டுபிடித்ததும், "ம். சரி பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போவார். திட்டு, விளக்கம், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஒரு சிரிப்பு, எதுவும் கிடையாது. பிற்பாடு எத்தனையோ பெரிய கம்பெனிகளில் எத்தனையோ இன்ஜினீயர்களிடம் வேலை பார்த்தேன். அப்படி ஒரு மரியாதையை நான் வேறெங்கும் காணவில்லை.

அந்தப் பங்குனி மாசம், பார்வை இல்லாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. மடக்குக் குச்சியைத் தட்டிக்கொண்டு நேராக டூல் ரூமுக்குள் வந்து, முதலாளி போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"மழைக்காடுன்னு ஒரு பாடம் நடத்தறேன். 'பச்சைப் பசேல்'னு புத்தகத்துல போட்டிருக்கு. என் பிள்ளைங்க அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? யானை, புலி பொம்மை கடையில கிடைக்குது. ஆனா அந்தக் காட்டுல முக்கால்வாசி சின்னச் சின்ன உசுருங்கதான். அதுங்க எனக்கு வேணும். தொட்டா தெரியணும்."

அவர் கேட்டது ஒரு பெட்டிக்குப் பத்து உருவங்கள். ஒவ்வொன்றையும் கையாலேயே வரைந்து காட்டினார். நாங்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டோம். பெரணிச் செடியின் குருத்து கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்குமாம். பிள்ளை விரலை வெளி ஓரத்தில் வைத்தால் அது சுற்றிச் சுற்றி நடுப்புள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். இலைப்பூச்சி என்று ஒன்று. இலையைப் போலவே நரம்பு, ஓரத்தில் புழு கடித்த மாதிரி ஓட்டை கூட இருக்குமாம். திருப்பிப் போட்டால்தான் ஆறு கால் தெரியும். நம் ஊர் மரவட்டை தொட்டால் வட்டமாகச் சுருளும். அந்தக் காட்டில் ஒன்று கோலிக்குண்டு போல முழு உருண்டையாகிவிடுமாம். மரத்தின் மேலேயே வேர் விட்டு, மண்ணைத் தொடாமல் வாழ்ந்து பூக்கும் பூச்செடி. விலா எலும்பை விசிறி போல விரித்து, மரத்துக்கு மரம் பறக்கும் ஓணான்.

"பறக்கற ஓணானா?" என்றார் கன்னியப்பன் அண்ணன். "எங்க ஊர் ஓணானுக்குத் தெரிஞ்சா மானம் பூடும் சார்."

ஆசிரியர் அடக்க முடியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்போடு இரண்டு பேரும் சினேகமாகிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது குடுவைச் செடி. இலையின் நுனி ஒரு சொம்பு போல ஆகி, மூடியும் போட்டுக்கொண்டு, உள்ளே விழும் பூச்சியைத் தின்கிறது. உள்சுவர் வழவழவென்று இருப்பதால் விழுந்த பூச்சியால் ஏற முடியாது. "பிள்ளை விரலை உள்ள விட்டா வழுக்கணும்" என்றார் ஆசிரியர். உள்சுவர் என் வேலை. அதை உருவாக்கும் எஃகு முளையை எட்டு நாள் தேய்த்தேன். முதல் குடுவை வந்ததும், டீக்கடைச் சர்க்கரையில் மொய்த்த எறும்பு ஒன்றைக் கன்னியப்பன் அண்ணன் உள்ளே போட்டார். அது சாவகாசமாக ஏறி வெளியே வந்து மேஜையில் நடந்தது.

"அதுக்குப் பிளாஸ்டிக்னு தெரிஞ்சு போச்சு" என்றார் ஸ்டெல்லா மேடம்.

பிறகு ஆசிரியரிடம் கேட்டதில், செடியின் உள்ளே மாவு போல மெழுகுத் தூள் இருக்கும் என்றார். மேடம் தன் கைப்பையிலிருந்து முகப்பவுடரை எடுத்துக் குடுவைக்குள் தட்டினார். அடுத்த எறும்பு பாதி தூரம் ஏறிச் சறுக்கியது. மறுபடி ஏறிச் சறுக்கியது. பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். ஆசிரியர் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "யாரு பாலிஷ் போட்டது?" என்று கேட்டார். மேடம் என்னைக் காட்டினார். "நல்ல கை" என்றார் அவர். என் வேலையை ஒரு வெளியாள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். மூக்கு தெரியாத இடமே இனி எந்த அச்சிலும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

பட்டியலில் இரண்டு தவளைகள் இருந்தன. ஒன்று மரத்தவளை, வழவழப்பான உடம்பு, ஒவ்வொரு விரல் நுனியிலும் பொத்தான் போல வட்டம். மற்றது இலைச் சருகுக்குள் வாழும் சொறித்தவளை. "மரத்தவளையத் தடவினா வழுக்கணும். சொறித்தவளையத் தடவினா கூசணும். ரெண்டையும் கையில குடுத்தா, ஒரே சாதியில இவ்வளவு வித்தியாசமான்னு பிள்ளை கேக்கணும். அந்த ஒரு கேள்விக்குத்தான் இந்தப் பெட்டியே" என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

கன்னியப்பன் அண்ணன் முதல் மழைக்கு ஏரிக்கரைக்குப் போய் ஒரு சொறித்தவளையைப் பிடித்து, பெயின்ட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். காட்டுத் தவளை இல்லைதான். ஆனாலும் அதன் பங்காளி. கண்ணை மூடிக்கொண்டு அதன் முதுகைத் தடவுவார். அது அவர் கையில் மூத்திரம் பெய்யும். துடைத்துக்கொண்டு மறுபடி தடவுவார். கண்ணுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை போல இரண்டு மேடு, முதுகில் மிளகு அளவு, விலாவில் கடுகு அளவு, காலில் கசகசா அளவு என்று பிரித்துக்கொண்டு, பழைய டிரில் பிட்டின் வாலை உருண்டையாகத் தேய்த்து நாலு அளவில் குத்துளி செய்தார். அச்சின் முதுகுப் பாதியில் ஒவ்வொரு பருவுக்கும் ஆழமில்லாமல் மேலாக ஒரு குத்து. பன்னிரண்டு நாள் வேலை. முடிவதற்குள் யாராவது பார்த்தால் கண் பட்டுவிடும் என்று துணி போட்டு மூடியே வைத்திருந்தார். முடித்த அன்று லாரி வாசலில் நின்றது. துணியோடு ஏற்றி அனுப்பிவிட்டார். மறுநாள் ஆடித் திருவிழாவுக்கு ஊரில் அவருக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. பதினைந்து நாள் வர மாட்டார்.

அந்தப் பதினைந்து நாளில்தான் அச்சு வந்தது. இரண்டு தவளை அச்சும் அம்பத்தூர் போயிருந்தன. ஒன்றுதான் திரும்பி வந்தது. "தவளை வந்திருக்கு, தேச்சு வை" என்றார் முதலாளி. மரத்தவளைதான் முதலில் போனது, ஆகவே அதுதான் முதலில் வரும் என்று எண்ணிக்கொண்டேன். அடியில் நம்பர் அடித்திருக்கும். புரட்டிப் பார்க்கவில்லை. உள்ளே கரிப்பொருக்கு, பொருக்குக்குள் குழியோ குழி. மஞ்சள் வட்டம் இல்லை. உலையில் இவ்வளவு மோசமாக வேகவிட்டுவிட்டார்களே என்று அம்பத்தூர்க்காரர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டு கரடு கல்லை எடுத்தேன். ஆறு நாள் தேய்த்தேன். கடைசிக் குழியும் போனதும் குனிந்து பார்த்தேன். மூக்கு தெரிந்தது.

ஏழாம் நாள் இரண்டாவது அச்சு வந்தது. பொருக்கைத் துடைத்தேன். விரல் நுனிகளில் வட்ட வட்டமாகப் பள்ளம். மரத்தவளை. அப்படியானால் முதலில் வந்தது எது? போய்ப் புரட்டிப் பார்த்தேன். சொறித்தவளையின் நம்பர் இருந்தது. அதன் முதுகை நான் உரித்துவிட்டேன் என்று புரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. மேடம் இருபதடி தூரத்தில்தான் இருந்தார். அவரிடம் போக இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

சாம்பிள் பார்க்க ஆசிரியர் வந்தார். குருத்தின் மேல் விரலை ஓட்டிச் சிரித்தார். இலைப்பூச்சியைப் புரட்டி, கால்களை எண்ணினார். பிறகு இரண்டு தவளைகளையும் இரண்டு கையில் எடுத்தார். கட்டைவிரலால் இரண்டு முதுகையும் மாறி மாறித் தடவினார்.

"இது ரெண்டும் வழுக்குதே. சொறித்தவளை எங்கே?"

அவர் கையில் இருந்த சொறித்தவளையை எல்லோரும் பார்த்தோம். கண்ணாடி போல மின்னியது. "கூசலன்னா எனக்கு இது வேணாம். பெட்டியில ஒம்பது போதும்" என்று சொல்லிவிட்டு, குச்சியை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலாளி வியாபாரம் தெரிந்தவர். அச்சு வேலை தெரியாதவர். அவருக்கு ஒரே வழியில்தான் யோசனை போனது. "புள்ளி வெக்கவே இல்ல. துணியப் போட்டு மூடி வெச்சது எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. பன்னண்டு நாள் சும்மா ஒக்காந்துட்டு, திருவிழான்னு கம்பிய நீட்டிட்டான்."

காப்பு அவிழ்த்த மறுநாள், நெற்றியில் மஞ்சள் கூடக் காயாமல் கன்னியப்பன் அண்ணன் வந்தார். முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"புள்ளி எங்கய்யா?"

"வெச்சேன் மொதலாளி."

"வெச்சா எங்க போச்சு? உளி ஏறாத எஃகுல இருந்து எறும்பு தின்னுடுச்சா?"

"மோல்டக் காட்டுங்க."

காட்டினார்கள். அவர் குனிந்து பார்த்தார். அதில் தெரிந்தது அவர் முகம்தான். அந்தக் கம்பெனியில் எஃகை அப்படிக் கண்ணாடி ஆக்குகிற கை ஒன்றே ஒன்று. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, காத்திருப்பவர் போலப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் வெச்சேன். அவ்ளோதான் சொல்லுவேன்" என்றார்.

"அப்ப இனிமே இங்க வேல இல்ல."

அவர் தன் குத்துளிகளைக்கூட எடுக்காமல் போய்விட்டார். பன்னிரண்டு வருஷக் கைத்தொழில்காரர் ஒருவர், வேலை செய்யாமல் செய்தேன் என்று பொய் சொன்னவர் என்ற பேரோடு போகிறார். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் நின்றுவிடுவார். வரவில்லை.

நாலாம் நாள் காலை. நான் ஏதோ ஒரு மூடி அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா மேடம் வந்து என் உள்ளங்கையில் ஒரு பொருளை வைத்தார். சொறித்தவளை. கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார்.

என்ன தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதுகைத் தடவினேன், வழுக்கியது. தலை, வயிறு, கால், எல்லாம் வழுக்கியது. அவர் நகரவில்லை. கடைசியில் அவர் செய்வது போலவே கண்ணை மூடி உதட்டில் வைத்துச் சுற்றினேன். முன்னங்காலின் அக்குளில், என் மூங்கில் குச்சி நுழைய முடியாத மூலையில், கசகசா அளவில் ஐந்தாறு பருக்கள் உதட்டில் தட்டின.

கண்ணைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்து, "ம். சரி பண்ணிடு" என்றார். போய்விட்டார்.

முதலாளி அறையில் அப்போது இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றால் நான் திரும்பிவிடுவேன் என்று தெரியும். உள்ளே போய்த் தவளையை மேஜையில் வைத்தேன்.

"சார், அண்ணன் புள்ளி வெச்சிருந்தாரு. நான்தான் தேச்சு எடுத்துட்டேன். தெரியாம. அக்குள்ல இன்னும் கீது. தடவிப் பாருங்க."

அவர் தடவிப் பார்த்தார். "இத்தனை நாள் வாயில என்னய்யா வெச்சிருந்த?"

"பயம் சார்."

"போய் அவனக் கூட்டிட்டு வா. அவன் வரலன்னா நீயும் வராத."

படப்பை வழியாக மணிமங்கலத்துக்குச் சைக்கிள் மிதித்தேன். அண்ணன் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இன்னாடா, கண்ணாடி எப்டி கீது? மூஞ்சி நல்லா தெரிதா?"

"அண்ணே, மொதலாளியாண்ட சொல்லிட்டேன். நான்தான் தேச்சேன்னு."

"எப்போ?"

"இன்னிக்குக் காத்தால."

"நான் வந்துட்டுப் போயி எத்தினி நாள் ஆச்சி?"

"நாலு நாள்."

"நாலு நாள்." கையை உதறிக்கொண்டு எழுந்தார். "மழ வந்தா தவளை கூடக் கத்திடும்டா. நீ அதுக்கும் கீழ."

அவர் உள்ளே போய் ஒரு களிமண் கட்டியை எடுத்துவந்து காட்டினார். லாரியில் ஏற்றுவதற்கு முன் அச்சில் ஈரக் களிமண்ணை அழுத்தி எடுத்த பதிவு. தன் மகளுக்குக் காட்ட வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். காய்ந்து கெட்டியாகியிருந்தது. மொச்சை, மிளகு, கடுகு, கசகசா. அந்த முதுகைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அழித்தவன் நான், அதற்கு முன் அதை ஒரு தரமாவது ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை.

"அன்னிக்கே இத்தக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே அண்ணே."

"ஏன்? மண்ணு சொன்னா நம்புவாங்க, நான் சொன்னா நம்ப மாட்டாங்களா? அதுவுமில்லாம, அது உன் வாயில வர வேண்டியது. மண்ணு ஏன் சொல்லணும்?"

களிமண்ணைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தார். "மிதி" என்றார்.

அதன் பிறகு ஒரு மாசத்துக்கு மேல் அவர் என்னிடம் பேசவில்லை.

கெட்டியான எஃகில் குத்துளி இறங்காது. ஆகவே அச்சை மறுபடி அம்பத்தூருக்கு அனுப்பி, காய்ச்சி மெல்ல ஆறவிட்டு இளக்கி வாங்கினோம். அண்ணன் களிமண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து முதலிலிருந்து குத்தினார். நான் விளக்கைப் பிடித்தேன். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால், அந்தக் கோடியில் இருக்கும் மேடத்தைக் கூப்பிடுவார். "மேடம், அந்தத் தம்பிய லைட்ட கொஞ்சம் சாய்க்கச் சொல்லுங்க." நான் அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நிற்பேன். மேடமும் முகம் மாறாமல், "ஏழுமலை, லைட்ட சாய்க்கணுமாம்" என்பார். பெஞ்சுப் பெண்களுக்கு அது தினம் ஒரு வேடிக்கை.

மீண்டும் சூடு போடப் போனபோதுதான் எல்லோருக்கும் பயம். ஒரே எஃகை இரண்டு தரம் கெட்டியாக்கினால் வெடித்துவிடலாம். வெடித்தால் பெட்டியில் ஒன்பதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். லாரியிலிருந்து இறக்கியதும் அண்ணன் அச்சை விரல் கணுவால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கணீர் என்றது. வெடிப்பு இல்லை. அன்று காலையே, பொருக்கோடு இருக்கும்போதே, முதுகு முழுக்க மஞ்சள் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம் போட்டார். நான் மண்ணெண்ணெயும் பல் தேய்க்கிற பிரஷ்ஷும் வைத்துப் பொருக்கை மட்டும் எடுத்தேன். அந்த மூன்று நாளும் என் முதுகுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பெட்டிகள் தயாரானதும் பள்ளிக்குக் கொண்டுபோக முதலாளி எங்கள் மூன்று பேரையும் வேனில் அனுப்பினார். வகுப்பில் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் குருத்தைக் கொடுத்தார்; விரல்கள் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போயின. குடுவைக்குள் விரலை விட்ட ஒரு பையன், "உள்ள புடிச்சி இழுக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் விரலை எடுத்துவிட்டான். எனக்குப் பேச வராது என்பதால் மூலையில் நின்று கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னச் சின்னக் கைகள். ஒரு கீறலைக்கூட விடாத கைகள்.

எட்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தைக்கு மரத்தவளை போனது. தடவிப் பார்த்துவிட்டு, "குளிச்சிட்டு வந்திருக்கு" என்றாள். அடுத்து ஆசிரியர் சொறித்தவளையை அவள் கையில் வைத்தார்.

"ஐயே!" என்று கீழே போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் மூன்று தரம் துடைத்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம், "எனக்கு, எனக்கு" என்று கையை நீட்டினார்கள். அவளுக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லை. தரையைத் துழாவி மறுபடி எடுத்து, ஒரு விரலால் மட்டும் முதுகைத் தொட்டாள்.

"ரெண்டும் தவளதானே சார்? இதுக்கு மட்டும் ஏன் ஒடம்பு பூரா சொறி? மருந்து போடலியா?"

ஆசிரியர் வாயைத் திறப்பதற்குள் கன்னியப்பன் அண்ணன் அவள் பக்கத்தில் குந்தினார்.

"போட்டோம் பாப்பா. தோ, அந்த மூலைல நிக்கிறானே ஏழுமல மாமா, அவன்தான் ஆறு நாளு வுடாம தேச்சு வுட்டான்." மேடத்தைக் கூப்பிடாமல் என் பக்கம் திரும்பினார். "இன்னாடா ஏழுமல, சொல்லேன். போச்சா?"

அத்தனை பிள்ளைகளும் என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார்கள்.

"போவல பாப்பா," என்றேன். "திரும்ப வந்துடுச்சி."